செங்கற்பட்டு ஜில்லாவின் முதற் கடன் சங்கங்கள்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் பெருஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைக் கடப்போர் கண்ணில் இன்று படுவன ஆலைகளின் நெடுஞ்சுவர்களே. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. இவற்றின் புகழை எழுதுவோர் பலர் உளர். ஆயின் இதே வட்டாரத்தில், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், கடனால் நலிந்த சிற்றூர் மக்களைத் தம் காலில் நிற்கச் செய்ய எடுத்த முயற்சி இந்திய நாடு முழுமைக்கும் முன்னோடியாயிற்று என்பதை அறிந்தோர் சிலரே. ஈண்டு அதனையே கூற விழைகின்றோம்.

அந்நாளில் இப்பகுதி செங்கற்பட்டு ஜில்லாவைச் சார்ந்தது. இது ஏரிப்பாசன நாடு; பாலாற்றில் ஆண்டிற் சில நாட்களே வெள்ளம் காணலாம். மழை பொய்த்தால் ஏரி வறளும்; ஏரி வறண்டால் உழவன் லேவாதேவிக்காரரின் திண்ணையில் நிற்பான். விதைக்கும் கடன், எருதுக்கும் கடன், மகளின் கலியாணத்துக்கும் கடன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பசித்தோருக்குக் கூலி கொடுக்கவே பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்போது வெட்டப்பட்டது. அதற்குச் சற்று முன், 1875-இல், பூனா, அகமதுநகர் ஜில்லாக்களின் குடியானவர்கள் வட்டிக்காரர் வீடுகளில் புகுந்து கடன் பத்திரங்களைத் தீக்கிரையாக்கினர். ஆட்சியாளர் விழித்துக்கொண்டதற்கு இரக்கமே காரணம் எனக் கூற நம் மனம் ஒப்பவில்லை. அச்சமும் ஒரு காரணமே.

உழவர்க்குக் கடன் கொடுக்கும் வங்கிகளை நிறுவ இயலுமா என ஆராயச் சென்னை அரசு சர் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை அமர்த்தியது. அவருடைய அறிக்கை 1895-இலும் 1897-இலுமாக இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களை ஆய்ந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. நம் நாட்டு நிதிகளையும் கருத்துடன் நோக்கினார். மயிலாப்பூரில் 1872-இல் தோன்றிய நிதி இன்றும் பலர் அறிந்தது. அவர் கண்ட முடிவின் சாரம் இது: தொலைவிலிருக்கும் வங்கிக்குக் குடியானவனின் நாணயம் தெரியாது, அவன் அண்டை வீட்டானுக்குத் தெரியும். ஆதலின் கடன் கொடுக்கும் பொறுப்பு அண்டை வீட்டாரிடமே இருத்தல் வேண்டும். ஜெர்மனியில் ரைபைசன் செய்ததைச் செய்ய இங்கும் ஒரு ரைபைசன் தேவை என்றார்.

யார் இந்த ரைபைசன்? ஒரு சிற்றூர்ப் பெருந்தலைவர். 1846-47 குளிர்காலப் பஞ்சத்தில் ஏழைகளுக்கு மாவும் ரொட்டியும் கடனாகக் கிடைக்க ஒரு சங்கம் கண்டவர். பின்னர், செல்வரின் தருமம் நெடுநாள் நில்லாது, ஏழைகள் தாமே ஒருவருக்கொருவர் பிணையாக வேண்டும் என உணர்ந்து, 1864-இல் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரில் கடன் சங்கம் அமைத்தார். அங்கத்தினர் ஒருவர் கடனை அடைக்காவிடின் ஏனையோர் தம் உடைமை முழுவதையும் கொண்டு ஈடு செய்தல் வேண்டும். கடுமையான விதிதான். ஆயினும் அதன் நுட்பத்தை நோக்குங்கள்: குடிக்கவோ ஆடம்பரத்துக்கோ கடன் கேட்பவனை ஊரே தடுத்துவிடும், எருது வாங்கக் கேட்பவனுக்கு ஊரே துணை நிற்கும்.

1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. பத்துப் பேர் கூடினால் சங்கம் அமைக்கலாம். நாட்டுப்புறச் சங்கமாயின் பொறுப்புக்கு எல்லையில்லை. கிடைக்கும் இலாபமும் பங்காகப் பிரியாமல் சேமநிதிக்கே செல்லும். சென்னை மாகாணத்தின் முதற் பதிவாளராக பி. ராஜகோபாலாச்சாரி அமர்ந்தார். (மூதறிஞர் ராஜாஜி என்று மயங்க வேண்டா, இவர் பின்னாளில் திருவிதாங்கூர் திவானானவர்.) அவ்வாண்டு ஆகஸ்டில், ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே திருவள்ளூரை அடுத்த திரூரில் நாட்டுப்புறக் கடன் சங்கம் தோன்றியது. நாட்டிலேயே முதலாவது என அதனைக் கூறுவர். அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவானது நாட்டின் முதல் நகரக் கடன் சங்கம். நுகர்வோர் பண்டகசாலையான திருவல்லிக்கேணிச் சங்கமும் அவ்வாண்டிலேயே பிறந்தது.

இங்கு நம் வாசகர் ஒரு வினா எழுப்புவர்: இச்சங்கங்களும் வட்டி வாங்கினவல்லவா? ஆம், வாங்கின. குறைந்த வட்டியும் வட்டியே. அதில் மார்க்கத் தீர்ப்பு தெளிவானது. ஆனால் அண்டை அயலார் தம் சேமிப்பைத் திரட்டி முடைப்பட்டவனுக்குக் கொடுக்கும் அமைப்பு வேறு, அதில் வட்டி வைப்பது வேறு. இரண்டையும் பிரித்தறிந்தவர்களும் நம்மில் உண்டு. 1961-இல் தேவ்பந்தில் தொடங்கிய முஸ்லிம் பண்டு, மக்களின் சிறுசேமிப்பைப் பெற்று, நகையை அடமானமாகக் கொண்டு வட்டியில்லாக் கடன் வழங்கியது. நம் ஊர்களின் பைத்துல்மால்கள் சிலவும் அழகிய கடனை அவ்வாறே வழங்குகின்றன.

கூட்டுறவு இயக்கம் பின்னர் எய்திய நிலையை விரிப்பின் பெருகும். 1930-களின் விலைவீழ்ச்சி அதனை உலுக்கியது. சுதந்திரத்துக்குப் பின் அரசின் பணம் பெருக, அங்கத்தினரின் உரிமை சுருங்கியது. நம் மாநிலத்தில் பல்லாண்டுகள் தேர்தலின்றித் தனி அலுவலர்களே சங்கங்களை நடத்தினர். அயலார் நாணயம் அறிந்த அயலார் என்னும் உயிர்நாடி அங்கே தளர்ந்தது.

அந்த உயிர்நாடியை மீண்டும் தொட்டவர்கள் பெண்கள். 1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் அரசின் ஆதரவில் அமைந்தன. 1992-இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்க முற்பட்டது. ஒரகடம் வட்டாரச் சிற்றூர்களிலும் இன்று கறவை மாடு, தையல் இயந்திரம், ஆலைத் தொழிலாளருக்கான இட்டிலிக் கடை எனப் பெண்கள் பிழைக்கும் வழிகள் பல. ஆனால் இவர்களைத் தேடி வரும் வாரத் தவணைக் கம்பெனிகளைத் திரூர்ச் சங்கத்தின் வாரிசுகள் எனக் கொள்வது பொருந்தாது. ஒருவர்க்கொருவர் பிணை என்னும் சுமையை மட்டும் அவை ரைபைசனிடமிருந்து எடுத்துக்கொண்டன. சேமநிதி ஊருக்கே சொந்தம் என்பதை விட்டுவிட்டன. 2014-இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆலை மூடினாலும் தவணை நாள் வந்தே தீரும். கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழகச் சட்டமன்றம் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

காஞ்சிபுரத்து முதற் சங்கம் பெரிய காஞ்சிபுரம் கூட்டுறவு நகர வங்கி என்னும் பெயரில் இன்றும் நடைபெற்று வருகிறது. திரூர்ச் சங்கமும் அவ்வூரிலேயே இருக்கிறது.