சர்ஃக் முதல் காமரான் வரை: கொள்ளைநோயும் பிறர்மீதான கடமையும்



கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்டு, சர்ஃக் என்னும் இடத்தை அடைந்தார்கள். ஷாமின் தலைமைத் தளபதி அபூ உபைதா (ரலி) அவர்களும் ஏனைய தளபதிகளும் அங்கு வந்து சந்தித்து, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். மேலே செல்வதா, திரும்புவதா? கலீஃபா தாமாக முடிவெடுக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களிடையே இரு கருத்துகள். பின்னர் அன்ஸாரிகளை அழைத்தார்கள்; அவர்களிடையேயும் இரு கருத்துகள். இறுதியாக, மக்கா வெற்றிக் காலத்தில் ஹிஜ்ரத் செய்த குறைஷி மூத்தோரை அழைத்தபோது, அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடுமாறு கூறினார்கள்.

அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) வருத்தத்துடன் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்று உமர் (ரலி) பதிலளித்து, ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அதுவும் விதிப்படியே அல்லவா என்று கேட்டார்கள். இந்தப் பதில் நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் அதற்குப் பின் நடந்ததே நமக்கு இன்னும் முக்கியமானது.

ஒரு தேவையின் பொருட்டு அங்கில்லாதிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, இது குறித்து நபி (ஸல்) அவர்களிடமிருந்து தாம் கேட்டதை அறிவித்தார்கள். ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே செல்லலாகாது. நாம் இருக்கும் ஊரில் அது தோன்றிவிட்டால் அதற்கு அஞ்சி வெளியேறலாகாது என்பது அதன் கருத்து. உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

சிந்தித்துப் பாருங்கள். இதன் முதற்பாதியை யாரும் எளிதில் ஏற்பர். தன்னைக் காத்துக்கொள்வது மனித இயல்பு. இரண்டாம் பாதிதான் கடினமானது. நோயுற்ற ஊருக்குள் இருப்பவன், தான் ஒருபோதும் பார்த்திராத அயலூர் மனிதனுக்காகத் தன் கால்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த அயலூரான் எந்த இனம், எந்த மார்க்கம் என்ற கேள்வி அதில் இல்லை. உலகக் குடிமகன் என்ற சொல்லை இன்று பள்ளிப் பாடநூல்களில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தச் சொல்லின் பொருளை இந்த இரண்டாம் பாதியிலிருந்து தொடங்கி விளக்குவதே எளிது என்பது என் கருத்து.

ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) பலஸ்தீனத்தின் அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் அறியப்படும் அக்கொள்ளைநோய் உச்சத்தை அடைந்தது. அபூ உபைதாவை மதீனாவுக்கு வருமாறு உமர் (ரலி) கடிதம் எழுதினார்கள். தம்மைக் காப்பாற்றவே அழைக்கிறார் என்பதைப் புரிந்துகொண்ட அத்தளபதி, படைவீரர்களை விட்டுவிட்டு வர இயலாது என்று மறுமொழி எழுதினார், அந்நோயிலேயே மறைந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களும் மறைந்தார்கள். பின்னர் வந்த அம்ர் பின் ஆஸ் (ரலி) மக்களை மலைப்பகுதிகளில் பிரிந்து தங்குமாறு பணித்தார்கள். அதை எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆயினும் உமர் (ரலி) அச்செயலை வெறுக்கவில்லை என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இந்தத் தெளிவு பிற்காலத்தில் எப்போதும் நிலைத்திருந்ததா என்றால், இல்லை. ஹதீஸ் கலை மேதை இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) தம் பெண்மக்கள் மூவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோயைப் பற்றியே 'பத்லுல் மாஊன்' என்ற நூலை எழுதினார். ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1430) கெய்ரோவில் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோர் இறந்துகொண்டிருந்த வேளையில், மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, பாலைவெளியில் பெருந்திரளாகக் கூடி துஆச் செய்தார்கள், அதன்பின் அம்மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று அவர் பதிவுசெய்கிறார். துஆவை மறுப்பவரல்லர் அவர். மகள்களை அடக்கம் செய்த ஓர் ஆலிம், தாம் கண்டதை மறைக்காமல் எழுதினார், அவ்வளவுதான்.

இனி, நம் முன்னோரின் ஹஜ் பயணத்தோடு தொடர்புடைய ஒரு வரலாற்றுக்கு வருவோம். 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவியது. ஏறத்தாழ 15,000 ஹாஜிகள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பாய்மரக் கப்பல்களின் காலமாக இருந்திருந்தால் நோய் வழியிலேயே அடங்கியிருக்கக்கூடும். ஆனால் அது நீராவிக் கப்பல்களின் காலம். சூயஸ், அலெக்சாந்திரியா, மார்செய் எனச் சில வாரங்களில் நோய் ஐரோப்பாவை எட்டியது. 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. நோய் ஹாஜிகளிடையே தோன்றினால் அரேபியத் துறைமுகங்களுக்கும் எகிப்துக்கும் இடையிலான கடல்வழியையே துண்டிக்க வேண்டுமென்று பிரெஞ்சுத் தரப்பு முன்மொழிந்தது.

காலராவின் பிறப்பிடம் அரேபியா அன்று. வங்காளத்தின் கங்கைச் சமவெளி. அதை ஆண்ட பிரிட்டிஷ் அரசோ, கப்பல்களைத் தடுத்து நிறுத்தினால் வணிகம் கெடும் என்று பல ஆண்டுகள் தனிமைப்படுத்தலை எதிர்த்து வாதாடியது. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டிய பின்னரும் அந்த வாதம் உடனே ஓயவில்லை. ஆக, சுமை யார் தலையில் விழுந்தது? 1882இல் உஸ்மானிய அரசு செங்கடலிலுள்ள காமரான் தீவில் தனிமைப்படுத்தும் நிலையத்தைத் திறந்தது. பம்பாயிலிருந்து ஜித்தா சென்ற கப்பல்கள் அங்கே நின்றாக வேண்டும். தமிழகத்திலிருந்து இரயிலேறி பம்பாய் சென்று கப்பலேறிய ஹாஜிகளும் அவ்வழியே சென்றவர்கள்தாம். கடும் வெயிலில் நாட்கணக்கில் தங்கல், குளியல், துணிகளை நீராவியில் இட்டுச் சுத்திகரித்தல், இவற்றுக்கெல்லாம் கட்டணம் வேறு. ஏழை ஹாஜிகள் மிகவும் வாடினார்கள். தடுப்பு தேவையானது, அதன் சுமையைப் பகிர்ந்த விதம் நீதியானதன்று. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லாமல் இவ்வரலாற்றைச் சொல்ல முடியாது.

இதில் டாக்டர் அப்துர் ரஸ்ஸாக் என்ற இந்திய முஸ்லிம் மருத்துவரை நம்மில் பலர் அறியார். 1870களின் இறுதியில் ஹாஜிகளோடு பயணித்து, சுகாதார நிலைபற்றி அறிக்கை எழுதியவர். பின்னர் ஜித்தாவில் பிரிட்டிஷ் துணைத்தூதரானார். 1895இல் ஜித்தா நகர மதிலுக்கு வெளியே கொல்லப்பட்டார். அந்நாட்களில் அங்கு நோய்நுண்மங்களை அழிக்கும் இயந்திரமும் உடைத்து நொறுக்கப்பட்டது. அந்நியர் தங்களுக்குத் தீங்கு செய்யவே இவற்றைக் கொண்டுவந்தார்கள் என்று மக்கள் ஐயுற்றதே அதன் பின்னணி. விளக்கிச் சொல்லாமல் திணிக்கப்பட்ட சுகாதாரத்துக்கு நேர்ந்த கதி அது.

இருபதாம் நூற்றாண்டில் காலராவை அடக்கியதில் தூய குடிநீருக்கும் கழிவுநீர் ஒழுங்குக்கும் பெரும் பங்குண்டு. ஆனால் வேறொரு நோய் வந்தது. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பின், மூளையுறை அழற்சியின் டபிள்யூ 135 வகை ஹாஜிகளோடு பல நாடுகளுக்குச் சென்றது. இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் பயணமே செய்யாத குடும்பத்தினருக்கும் அது தொற்றியது. 2002 முதல் நான்கு வகைகளுக்கும் சேர்த்த தடுப்பூசி ஹாஜிகளுக்குக் கட்டாயமானது.

2020ஐ நாம் அனைவரும் அறிவோம். முந்தைய ஆண்டு ஏறத்தாழ 25 லட்சம் பேர் ஹஜ் செய்த இடத்தில், அவ்வாண்டு ஆயிரம் பேரளவுக்கே அனுமதி கிடைத்தது. 2021இல் சவூதியில் வசித்த 60,000 பேர். பள்ளிவாசல் கதவுகள் மூடப்பட்டபோது இது ஈமானின் பலவீனமல்லவா என்று கேட்டோர் நம்மிடையே இருந்தார்கள். அவர்களுக்கு சர்ஃகில் நடந்த உரையாடலே விடையாக இருந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் டில்லி நிஜாமுத்தீனில் கூடியவர்களிடையே நோய் பரவியதை வைத்து, ஒரு சமுதாயமே பழிசுமத்தப்பட்டது. நெரிசலான கூட்டம் நோயைப் பரப்பியது என்பது உண்மை. வேண்டுமென்றே பரப்பினார்கள் என்பது பொய். 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, கூட்டத்துக்கு வந்திருந்த வெளிநாட்டினர் 29 பேர் மீதான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத்துரைத்தது. 1866இல் ஹாஜிகள் மீது விழுந்த பார்வையை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்நாட்களில் பள்ளியில் பயின்ற நம் பிள்ளைகள் அந்தப் பழிச்சொல்லைக் காதால் கேட்டவர்கள். அவர்களிடம் பேசும்போது அதே ஆண்டின் மற்றச் செய்திகளையும் சொல்லுங்கள். நோயிலிருந்து மீண்ட தப்லீக் ஜமாஅத்தினர் பலர், பிறர் சிகிச்சைக்காகத் தம் இரத்தத்தின் பிளாஸ்மாவை வழங்கினார்கள். அச்சிகிச்சையால் பயனில்லை என்று ஆய்வுகள் காட்டியதால் 2021 மே மாதம் அது கைவிடப்பட்டது வேறு விஷயம். கொடுத்தபோது அது பயன்படுமென்று நம்பியே கொடுத்தார்கள். தமிழகத்தில் உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை முஸ்லிம் இளைஞர்கள் கவச உடையணிந்து சுமந்து சென்று, இறந்தவர் எந்த மதத்தவரோ அந்த மதத்தின் வழக்கப்படி இடுகாட்டிலும் சுடுகாட்டிலும் ஒப்படைத்துத் திரும்பினார்கள்.