தாத்தா பிறந்த ஊர்

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தில் 'தமிழர்' என்ற சொல்லும் இல்லை, 'தோட்டத் தொழிலாளர்' என்ற சொல்லும் இல்லை. பெயர் சொல்லித்தான் அதிகாரம் ஒரு கூட்டத்தை வெளியே தள்ளும் என்பதில்லை. சட்டம் கேட்டது ஆளை அல்ல, அப்பனை. இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் தகப்பன் அங்கே பிறந்தவனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கிலேயே வரவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களின் கையால் ஓடிய பொருளாதாரத்தில் தாய்வழி துடைத்தெறியப்பட்டதை நாம் இன்னும் சரியாக யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பத்திரம் எடுத்து வைத்தார்கள்? தோட்டம் விட்டுத் தோட்டம் போகிற தொழிலாளியின் கடனைக் குறித்துக் கொடுக்கும் 'துண்டு' முறை 1921 வரை இருந்தது. ஆக, கடனுக்குக் காகிதம் உண்டு, பிறப்புக்குத்தான் இல்லை! 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாசல் திறந்ததாகச் சொல்லிக்கொண்டது. எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. அதே 1949இல் வாக்குரிமையும் போயிற்று.

நேரு இவர்களை இலங்கையின் மக்கள் என்றார். அவர் மறைந்த ஐந்தாவது மாதம், 1964 அக்டோபர் 30இல், சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. ஏழு பேர் இங்கே என்றால் நாலு பேர் அங்கே. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பம் கேட்கத்தான் செய்தார்கள், ஆனால் எண்ணிக்கை முன்பே முடிவாகிவிட்டது.

வந்தவர்களுக்குத் தமிழக அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். "எங்கப்பா பொறந்தது அட்டன், நா பொறந்ததும் அட்டன். எங்கருந்து எங்க திரும்புனோம்?" என்றார். 'திரும்புதல்' என்பது அரசு கட்டிய கதையாடல். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'.

இதைவிட விசித்திரம் பிறகு நடந்தது. 1983க்குப் பின் படகேறி வந்து அகதி முகாம்களில் தங்கியவர்களில் மலையகத்தவரும் உண்டு. இலங்கையில் குடியுரிமை கிடைக்காமல் போனதற்குக் காரணமே தாத்தா தமிழ்நாட்டில் பிறந்தது. இங்கே அந்தத் தாத்தாவைக் காட்டினால் செல்லவில்லை. உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி', அவர் பதிவு செய்து குடியுரிமை பெற முடியாது என்றது இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம். அதே 2003இல் இலங்கை, 1964 முதல் அங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்குக் குடியுரிமை தந்தது. இந்தியாவில் இருந்தவர்களுக்காக அந்த நிபந்தனையைத் தளர்த்த 2009 ஆயிற்று. 2019 ஜூனில் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது. அதில் இலங்கை இல்லை.

நம்முடைய ஈழ ஆதரவுச் சொல்லாடலிலும் இவர்கள் 'இலங்கை அகதிகள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் காணாமல் போகிறார்கள். முகாமுக்குப் போகிற தோழர்கள் யாழ்ப்பாணமா, வன்னியா, மட்டக்களப்பா என்று விசாரிக்கிறார்கள். பதுளையா, நுவரெலியாவா என்றும் கேளுங்கள். தாத்தாவுக்கு எந்த ஊர் என்றும்.