வேர் வேறு, கொடி ஒன்று

திருப்பலியில் ஒப்புக்கொடுக்கும் திராட்சை இரசம் சிவப்பாகவும் இருக்கலாம், வெள்ளையாகவும் இருக்கலாம். இரண்டையும் திருச்சபை ஏற்கிறது. இரண்டுக்குமே பேர்போன நாடு பிரான்சு. தோலோடு ஊறிப் புளிக்கும் போர்தோ சிவப்பில் துவர்ப்பு நாவில் நிற்கும். தோல் நீக்கிப் புளிக்கவைக்கும் ஷாப்லி வெள்ளையில் இளம்புளிப்பு தெரியும்.

1860களில் அமெரிக்கக் கொடிகளோடு வந்த 'ஃபிலாக்செரா' என்ற வேர்ப்பூச்சி, பிரெஞ்சுத் தோட்டங்களைப் பட்டுப்போகச் செய்தது. 1868-இல் பிளான்ஷோன் என்ற அறிஞரும் தோழர்களும் அதை வேரில் கண்டுபிடித்தார்கள். தீர்வு எங்கிருந்து வந்தது? அதே அமெரிக்காவிலிருந்துதான்! அந்நாட்டுக் கொடியின் வேர் பூச்சியைத் தாங்கும். நாம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதுபோல், அந்த வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டினார்கள். போர்தோவின் துவர்ப்பும் ஷாப்லியின் புளிப்பும் பிழைத்தன. நோய் வந்த திசையிலிருந்தே உயிரும் வந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் ஞாயிறு திருப்பலியில் கோயில் வாசலோரம் நிற்கிறார்கள். "இவர்கள் வந்துதான் ஊர் கெட்டது" என்று நாமும் பேசியிருக்கிறோம். வரும் ஞாயிறு சற்று நகர்ந்து, நம் பக்கத்தில் அவர்களை அமரச் சொல்வோம். ஒரே கொடியின் கிளைகள் அல்லவா நாம்?