பரந்தனிலிருந்து கடலுக்கு: வள்ளத்தில் ஓர் அன்ரனா

பரந்தன் கடற்கரைப் பட்டினமன்று. ஏ-9 நெடுஞ்சாலையில் கிளிநொச்சிக்கு வடக்கேயும் ஆனையிறவுக்குத் தெற்கேயும் அமைந்த ஒரு சந்தி அது. ஆயினும், அச்சந்தியிலிருந்து கிழக்கே பிரியும் ஏ-35 வீதி புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவுக் கடலுக்குச் செல்கிறது. மேற்கே பிரியும் வீதி பூநகரிக்கும் அதனை அண்டிய கடனீரேரிக்கும் செல்கிறது. இரு கரையிலும் தொழில் செய்வோருக்குப் பரந்தன் நடுவழி.

இவ்வூரைச் சேர்ந்தவரும் முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் வைத்திருப்பவருமான உறவினர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வள்ளத்தில் இணையத் தொடர்பு வேண்டும். எந்த ரவுட்டரை வாங்குவது, வெளியே எந்த அன்ரனாவைப் பொருத்துவது என்பதே கேள்வி. கடைக்காரர் ஒருவர் இதற்கு இரண்டு நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார். ஆனால் கடலில் இருப்பவனின் குரலைக் கரைக்குக் கொண்டுவரும் முயற்சிக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் மிகக் கசப்பான பக்கங்கள் சில நமது கரைகளில் எழுதப்பட்டவை. அவற்றை அறிந்தவனே எதை வாங்கவேண்டும் என்பதைச் சரியாக அறிவான் என்பது என் எண்ணம்.

கம்பியில்லாத் தந்தி தன் பயனை உலகுக்கு முதலில் மெய்ப்பித்த இடங்களுள் கடலும் ஒன்று. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், குட்வின் மணற்றிட்டருகே நங்கூரமிட்டிருந்த வெளிச்சக் கலமொன்றில் மார்க்கோனியின் கருவி பொருத்தப்பட்டு, ஏறத்தாழ 12 மைல் தொலைவிலிருந்த கலங்கரை விளக்கத்துடன் இணைக்கப்பட்டது. 1899 ஏப்ரலில் நீராவிக் கப்பலொன்று அக்கலத்தின் மீதே மோதியபோது, உதவி கோரும் செய்தி கம்பியின்றிக் கரையை எட்டியது. 1901 டிசம்பரில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த சமிக்ஞையைப் பெறுவதற்காக, மார்க்கோனி நியூபவுண்ட்லாந்தில் பட்டமொன்றைப் பறக்கவிட்டு அதன்வழி அன்ரனாக் கம்பியை உயர்த்தினார். கருவியின் வலுவைப் போலவே அன்ரனாவின் உயரமும் முக்கியம் என்ற பாடத்தை அந்தப் பட்டம் அன்றே சொல்லிவிட்டது.

இலங்கையின் வானொலி வரலாற்றுக்கும் கடலுடன் ஓர் உறவு உண்டு. 1925 இல் கொழும்பில் ஒலிபரப்பைத் தொடக்கிய எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் உறுப்புகளைக் கொண்டே தமது ஒலிபரப்பியை அமைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. கடலின் அடியில் ஒளிந்து திரிந்த கலத்தின் கருவி, கரையில் இருந்தவர்களுக்குப் பாட்டும் செய்தியும் கொடுத்தது. ஆனால் கரையிலிருந்து கடலுக்குச் சென்ற சாதாரண மீனவனுக்கோ நெடுங்காலம் ஒன்றும் கிடைக்கவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியையும் தாக்கியபோது, எமது மீனவர்கள் நம்பியிருந்தவை வானத்தின் நிறமும் காற்றின் திசையும் மூத்தோரின் அனுபவமுமே.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வடபகுதியில் இருந்த தொடர்புகளும் அறுந்தன. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, வானொலிக்கு இடும் உலர் மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் மக்கள் கேட்டனர். சிற்றலைக்காகக் கம்பிகள் மரங்களில் கட்டப்பட்டன. அலைகள் எவ்வாறு பயணிக்கின்றன என்பதை நமது மக்கள் பாடநூலில் படித்ததைவிட அக்காலத்தில் முற்றங்களில் நின்று கற்றதே அதிகம்.

அக்காலத்தில் ஆனையிறவிலும் பூநகரியிலும் இருந்த படைமுகாம்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையிலான தரைவழிகளை மூடியிருந்தன. எஞ்சியது கடனீரேரி. 1992 முதல் சில ஆண்டுகள் கிளாலியிலிருந்து பூநகரிப் பக்கத்துக் கரைக்கு மக்கள் இரவில் வள்ளங்களில் கடந்தனர். இயந்திரம் பூட்டிய வள்ளமொன்று பல வள்ளங்களைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும். வெளிச்சம் காட்டக்கூடாது. நாகதேவன்துறையில் கடற்படைத் தளம் இருந்தது. அக்கரை சேர்ந்தவர்கள் பூநகரி வீதியால் பரந்தனை அடைந்து, அங்கிருந்து தெற்கே செல்வர். நோயாளரும், பல்கலைக்கழக மாணவரும், ஓய்வூதியம் பெறச் சென்ற முதியோரும் அவ்வழியாலேயே போனார்கள்.

1993 ஜனவரி 2 ஆம் திகதி அந்த நீர்ப்பரப்பில் பயணிகள் வள்ளங்கள் கடற்படையின் தாக்குதலுக்கு உள்ளாயின. கொல்லப்பட்ட பொதுமக்களின் தொகை 35 எனவும், 100 வரை எனவும் கூறப்பட்டது. பத்திரிகை மேசையில் இருந்த எனக்கு இந்த இடைவெளி இன்றும் உறுத்துகிறது. ஒவ்வொரு வள்ளத்திலும் எத்தனை பேர் ஏறினர், எத்தனை பேர் கரை சேர்ந்தனர் என்பதை அந்த இரவிலேயே அறிந்துகொள்ள ஒரு தொடர்பும் இருக்கவில்லை. போனவர் போய்ச்சேர்ந்தாரா என்பது, அக்கரையிலிருந்து திரும்பி வருபவர் கொண்டுவரும் கடிதத்தால்தான் வீட்டாருக்குத் தெரியவந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரியிலிருந்து குடாநாட்டுக்கு வாகனத்திலேயே சென்றுவிடலாம். இன்று அவ்வழியே செல்லும் இளைஞர்கள், இந்த நீரைக் கடப்பது ஒருகாலத்தில் என்ன பொருளில் இருந்தது என்பதை அறியார்.

போரில்லாத நாளிலும் இதே குறை உயிர்களைப் பறித்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்ததற்கும் இலங்கையின் கிழக்குக் கரையை அலை எட்டியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தது. நிலம் அதிர்ந்ததை உலகின் ஆய்வு நிலையங்கள் அறிந்திருந்தன. அந்த அறிவு முல்லைத்தீவுக் கரையை எட்ட வழி இருக்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலின்போது குமரி மாவட்டத்து மீனவர்களுக்கும் இதுவே நேர்ந்தது. எச்சரிக்கை வெளியானபோது பல படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. கைத்தொலைபேசிக் கோபுரங்களின் எல்லைக்கு அப்பால் நின்றவர்களுக்கு அச்செய்தி சென்றடையவில்லை. தூத்தூர், சின்னத்துறை போன்ற ஊர்கள் அதற்குக் கொடுத்த விலை தமிழகம் அறிந்தது.

தொடர்பு கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளக் கரையே சான்று. 1997 முதல் 2001 வரை வடகேரளத்தில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் படிப்படியாக நிறுவப்பட்டன. அவற்றின் அலை கடலுக்குள் 20 முதல் 25 கிலோமீற்றர் வரை எட்டியது. பொருளியலாளர் ரொபேர்ட் ஜென்சன் அங்குள்ள 15 கடற்கரைச் சந்தைகளை ஆராய்ந்து 2007 இல் தமது முடிவுகளை வெளியிட்டார். தொலைபேசி வருமுன் 1997 ஜனவரியில் ஒருநாள், வடகரையில் 11 மீனவர்கள் வாங்குவாரின்றித் தமது மத்தியை வீசியெறிந்தனர். அதே காலைப்பொழுதில் 15 கிலோமீற்றருக்குட்பட்ட மற்றைய சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காது நின்றனர். தொலைபேசி வந்தபின் அந்த விரயம் ஏறத்தாழ ஒழிந்தது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலையோ 4 சதவீதம் குறைந்தது. இருசாராரும் பயன்பெற்றனர்.

இனி உறவினரின் கேள்விக்கு வருவோம்.

முதலாவது, அலை எவ்வளவு தூரம் எட்டும்? பூமி வளைந்தது. கோபுரத்தின் உயரத்தையும் அன்ரனாவின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, ஒவ்வொன்றினதும் வர்க்கமூலத்தைக் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால், அலையின் அடிவானத் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். 40 மீற்றர் கோபுரமும் வள்ளத்தில் ஒரு மீற்றர் உயரத்தில் கைத்தொலைபேசியும் என்றால் சுமார் 30 கிலோமீற்றர். அன்ரனாவை 4 மீற்றர் கம்பத்தில் ஏற்றினால் சுமார் 34. கூடியது நான்கு கிலோமீற்றரே. ஆனால் ஆட்களும் இயந்திரமும் அலையும் மறைக்காத இடத்தில் அன்ரனா நிற்பதனால், அந்த எல்லைக்குள் கிடைக்கும் தொடர்பு அறுபடாது. பழைய ஜி.எஸ்.எம். முறைக்கோ இயல்பாகவே 35 கிலோமீற்றர் என்ற எல்லை உண்டு. எனவே "நூறு கிலோமீற்றர் இழுக்கும்" என்று விற்கப்படும் அன்ரனாவை நம்பவேண்டாம்.

இரண்டாவது, அன்ரனாவின் வகை. வீட்டுக் கூரையில் கோபுரத்தை நோக்கித் திருப்பி வைக்கும் அன்ரனா வள்ளத்துக்கு ஆகாது. வள்ளம் திரும்பும்; அன்ரனாவும் திரும்பிவிடும். எல்லாத் திசைக்கும் பொதுவான அன்ரனாவே வேண்டும். அதிலும் ஈட்டம் மிகக் கூடியதை வாங்குவது பயன்தராது. ஈட்டம் கூடக்கூட அலையானது தட்டையான வட்டாகச் சுருங்கும். சிறு வள்ளம் ஆடும்போது அந்த வட்டு ஒருகணம் வானத்தையும் மறுகணம் நீரையும் நோக்கும். 3 முதல் 6 டெசிபெல் வரை போதுமானது. நான்காம் தலைமுறைத் தொடர்புக்கு இரண்டு அன்ரனாக்கள், அல்லது ஒரே உறைக்குள் இரண்டு கொண்டது நல்லது.

மூன்றாவது, பலரும் கவனியாது விடும் வயர். ஆர்.ஜி. 58 எனப்படும் மெல்லிய வயர் 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மீற்றருக்கு ஏறத்தாழ 0.8 டெசிபெல் இழக்கும். பத்து மீற்றரில் 8 டெசிபெல். அதாவது வந்த சமிக்ஞையில் ஆறில் ஒரு பங்கே ரவுட்டரை அடையும். 6 டெசிபெல் அன்ரனாவுக்குக் கொடுத்த பணம் முழுவதையும் அந்த வயர் விழுங்கிவிடும். ஆகவே ரவுட்டரைக் கம்பத்தின் அடியில், நீர்புகாப் பெட்டியில் வைத்து, வயரைக் குறுக்குங்கள். நீளம் தவிர்க்க முடியாதெனில் தடித்த வயரை வாங்குங்கள்.

நான்காவது, ரவுட்டர். வெளி அன்ரனாவுக்கு இரண்டு துளைகள் இருக்கவேண்டும். 12 வோல்ற் மின்கலத்தில் நேரடியாக இயங்கவேண்டும். மின்னழுத்தம் ஏறியிறங்கினாலும் தாங்கவேண்டும். எந்த நிறுவனத்தின் சிம் அட்டையையும் ஏற்கவேண்டும். ஒரு கரையில் ஒரு நிறுவனத்தின் கோபுரமும் மறுகரையில் மற்றொன்றின் கோபுரமும் நன்றாக இருக்கலாம். மிக வேகமான ரவுட்டருக்கு அதிக பணம் கொடுக்கத் தேவையில்லை. காலநிலை அறிவித்தலுக்கும் விலை விசாரிப்புக்கும் வேகத்தைவிட நிலையான தொடர்பே வேண்டும். 6 வாற் எடுக்கும் ரவுட்டர் பத்து மணிநேரத்தில் 5 அம்பியர்-மணி மின்சாரத்தை எடுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பாக்கு நீரிணைப் பக்கம் தொழில் செய்வோர், அக்கரைக் கோபுரத்தில் தானாகவே இணையாதவாறு வலையமைப்பைக் கையால் தெரிவுசெய்து வைப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

ஐந்தாவது, உப்பு. இதைப் பரந்தனாருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் எடுத்த இரசாயனத் தொழிற்சாலை அவர்களது ஊரிலேயே இருந்தது. உப்பும் ஈரமும் மின்னோட்டமும் சேர்ந்தால் உலோகம் என்னவாகும் என்பதை அவ்வூரின் முதியோர் நன்கறிவர். வள்ளத்தின் அன்ரனா பெரும்பாலும் பழுதடைவது இணைப்பு முனைகளில்தான். தானாக ஒட்டும் இறப்பர் நாடாவால் அவற்றை இறுகச் சுற்றுங்கள். பருவத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாது விட்டால் இக்கட்டுரை தீங்காகிவிடும். ரவுட்டர் உயிர்காக்கும் கருவியன்று. கோபுரத்தின் அடிவானத்தோடு அதன் வேலை முடிந்தது. அதற்கு அப்பால் செல்பவர், உரிய அனுமதியுடன், 16 ஆம் அலைவரிசையில் பேசும் கடல்சார் வி.எச்.எவ். வானொலியையும், 406 மெகாஹேர்ட்ஸில் செய்மதியை அழைக்கும் அபாய அறிவிப்புக் கருவியையும் கொண்டுசெல்லவேண்டும். 2025 ஜூலையில் ஸ்ரார்லிங்க் செய்மதி இணையச் சேவை இலங்கைக்கு வந்துவிட்டது. ஆயினும் நாட்தொழில் செய்யும் சிறு வள்ளக்காரருக்கு அதன் செலவும் அது கோரும் மின்சாரமும் சுமையே.

இன்னொன்றும் உண்டு. குட்வின் மணற்றிட்டின் வெளிச்சக் கலத்தைக் காத்தது கலத்திலிருந்த கருவி மட்டுமன்று. கலங்கரை விளக்கத்தில் விழித்திருந்து கேட்ட மனிதனுந்தான். எனவே உறவினருக்கு நான் எழுதியனுப்பிய பட்டியலில் ரவுட்டர், அன்ரனா, தடித்த வயர், இறப்பர் நாடா என்பவற்றுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தேன்: எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அறிந்தவரும், அந்த மணி கடந்தால் யாரை அழைப்பது என்பதை அறிந்தவருமான ஒருவர் கரையில் இருக்கட்டும். அதற்குப் பணச்செலவில்லை.