மரணக் கதவை வடித்த மனிதர்



2025 யூபிலி ஆண்டில் உரோமைக்குத் திருப்பயணம் சென்று திரும்பிய நம் குடும்பங்கள் பல, தாங்கள் எடுத்த படங்களை எனக்குக் காட்டின. ஏறக்குறைய எல்லாவற்றிலும் புனித பேதுரு பெருங்கோவிலின் வலப்புற ஓரத்தில் உள்ள புனிதக் கதவு இருந்தது. அதே முகமண்டபத்தின் இடப்புற ஓரத்தில் உள்ள வெண்கலக் கதவை எவரும் படம் எடுத்திருக்கவில்லை. அவர்களைக் குறைகூற முடியாது. அதன் பெயர் 'மரணத்தின் கதவு'. திருத்தந்தையரின் இறுதி ஊர்வலம் அவ்வழியே செல்லும் மரபினால் வந்த பெயர் அது. இறந்தோரை நினைவுகூரும் இந்த நவம்பரில், அக்கதவை வடித்தவரைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

ஜாக்கோமோ மன்சூ 1908இல் வட இத்தாலியின் பெர்கமோ நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். கோவில் பணியாளராகவும் இருந்தவர். பிள்ளைகள் பலர் நிறைந்த வறிய வீடு. ஆகவே ஜாக்கோமோ இளமையிலேயே பள்ளியை விட்டு, மரச் சிற்பிகளிடமும் சுதை வேலை செய்வோரிடமும் தொழில் கற்றார். இராணுவச் சேவைக்காக வெரோனாவில் இருந்தபோது, புனித செனோ ஆலயத்தின் பழம்பெரும் வெண்கலக் கதவுகள் அவரைக் கவர்ந்தன.

1939இல் தொடங்கி, கிறிஸ்துவின் பாடுகளைப் புடைப்புச் சிற்பங்களாக அவர் வடித்தார். அவற்றுள் ஒன்றில், சிலுவையில் தொங்கும் இயேசுவின் முன் நிற்பவன் உரோமைப் படைவீரன் அல்லன். ஜெர்மானியத் தலைக்கவசம் அணிந்த ஓர் ஆடையற்ற மனிதன். பாசிச ஆட்சியினர் சினந்தனர். திருச்சபை வட்டாரங்களிலும் கண்டனம் எழுந்தது. நாம் அன்று எதைக் கண்டு அஞ்சினோம் என்பதை எண்ணும்போது, ஒரு குருவாக எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பெருங்கோவிலுக்குப் புதிய கதவுகள் அமைக்க 1947இல் போட்டி அறிவிக்கப்பட்டது. 1952இல் ஒரு கதவின் பணி மன்சூவிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட கருப்பொருள், புனிதர்கள் மற்றும் மறைசாட்சிகளின் வெற்றி. அவரால் அதைச் செய்ய இயலவில்லை, ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையில் சால்ஸ்பர்க் பேராலயத்திற்கு ஒரு கதவைச் செய்து முடித்தார். அரசியலில் அவர் இடதுசாரி. மனைவியைப் பிரிந்து வேறொரு பெண்ணுடன் வாழ்ந்தார். நம்பிக்கையிலிருந்தும் விலகியிருந்தார். இத்தகையவரிடம் பேதுருவின் கதவை ஒப்படைப்பதா என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

இருவர் அவரைக் கைவிடவில்லை. ஒருவர் அருட்தந்தை ஜுசெப்பே தெ லூக்கா. பக்தி வரலாற்றை ஆழ்ந்து கற்ற அறிஞர். மற்றவர் 1958இல் திருத்தந்தையான இருபத்து மூன்றாம் யோவான். அவரும் பெர்கமோ மண்ணின் மைந்தர்; சோத்தோ இல் மோந்தே என்ற சிற்றூரின் உழவர் குடும்பத்தவர். தெ லூக்காவின் முயற்சியால் மன்சூ திருத்தந்தையின் உருவச்சிலையை வடிக்க அழைக்கப்பட்டார். முதியவர் அமர்ந்திருக்க, சிற்பி களிமண்ணைப் பிசைய, ஓர் ஊர்க்காரர் இருவரிடையே நட்பு வளர்ந்தது. கதவின் கருப்பொருள் மரணம் என்று மாறியதும் திருத்தந்தையின் இசைவுடனேயே.

ஆனால் அந்த நண்பர்கள் இருவரும் கதவைக் காணவில்லை. தெ லூக்கா 1962 மார்ச்சில் இறந்தார். திருத்தந்தை 1963 ஜூன் 3 அன்று இறந்தார். அவருடைய முகத்தையும் வலக்கையையும் அச்செடுக்க மன்சூவே அழைக்கப்பட்டார். அதுவரை உயிருள்ள முகமாகப் பார்த்துப் பார்த்து வடித்த முகம் அது.

1964 ஜூன் 28 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் கதவைத் திறந்து வைத்தார். மேற்பகுதியில் அன்னை மரியாவின் இறப்பும் கிறிஸ்துவின் இறப்பும் உள்ளன. அவற்றின் கீழே வெட்டப்பட்ட திராட்சைக் கிளைகளும் கோதுமைக் கதிர்களும். அப்பத்திற்கும் இரசத்திற்கும் முன்னர் அவையும் மடிய வேண்டியிருக்கிறதே! அதற்குக் கீழே எட்டுச் சிறு சிற்பங்கள்: ஆபேல், யோசேப்பு, ஸ்தேவான், திருத்தந்தை ஏழாம் கிரகோரி, முழந்தாளிட்டுச் செபிக்கும் யோவான், தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட ஒருவன், வெளியில் விழுபவன், இறுதியாக, பூமியில் மரணம். அடியில் ஆமை, ஆந்தை, முள்ளெலி போன்ற சிறு உயிர்கள். கதவு தெ லூக்காவின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இந்த 'பூமியில் மரணம்' என்பதன் முன்தான் நான் நெடுநேரம் நின்றேன். நாற்காலியில் ஒரு தாய் சரிந்துகொண்டிருக்கிறாள். ஒரு குழந்தை அவளைப் பார்க்கிறது. வானதூதர் இல்லை, ஒளிவட்டம் இல்லை, எண்ணெய் பூசும் குருவும் இல்லை. தாய் தந்தையின் கடைசி மூச்சை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தொலைபேசியில் கேட்டவர்கள் நம் பங்கில் எத்தனை பேர் என்பதை நான் அறிவேன். அந்தக் குழந்தையாவது அருகில் நின்றது என்று அவர்கள் சொல்லக்கூடும்.

மன்சூவுக்கும் இழப்பு தொடர்ந்தது. கதவு திறந்த ஐந்தாம் ஆண்டில், 1969இல், மோட்டார் வாகன வடிவமைப்பாளராக இருந்த அவர் மகன் பியோ சாலை விபத்தில் இறந்தான். முப்பது வயது. தந்தை அதன் பின்னரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிற்பம் வடித்து, 1991 ஜனவரியில் உரோமையில் காலமானார்.

அடுத்த ஆண்டு உரோமைக்குச் செல்லவிருக்கும் குழுவினர் முகமண்டபத்தில் இடப்புற ஓரத்திற்கும் செல்லுங்கள். கதவு மூடியே இருக்கக்கூடும். சிற்பங்கள் வெளிப்புறத்தில்தான் உள்ளன. நாற்காலியில் உள்ள அந்தத் தாயை எனக்காக ஒரு படம் எடுத்து வாருங்கள். என்னிடம் இருந்தது மங்கிவிட்டது.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை