தனி நானோத்துகள் நிறை நிறமாலையியல்

மின்னூட்டம் பெற்ற ஒரே ஒரு நானோத்துகளை மின்புலத்தில் அந்தரத்தில் நிறுத்தி, மணிக்கணக்கில் அதன் நிறையைத் தொடர்ந்து அளக்கும் முறை. வாயு மூலக்கூறுகள் பரப்பில் ஒட்டினாலும், பரப்பு எரிந்தோ ஆவியாகியோ தேய்ந்தாலும் நிறை மாறும். பரப்பு வினைகளின் வேகம் அந்த மாற்றத்திலிருந்து பெறப்படுகிறது.

இம்முறையின் முன்னோடியாக 1909இல் சிகாகோவில் தொடங்கிய மில்லிகனின் எண்ணெய்த்துளிச் சோதனை வழக்கமாகச் சுட்டப்படுகிறது. அதில் மாணவர் ஹார்வி ஃபிளெட்சரின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மின்னூட்டம் பெற்ற துகள்களை மின்புலத்தில் பிடித்துவைக்கும் நான்முனை அயனிப் பொறியை ஜெர்மனியில் வோல்ஃப்காங் பவுல் 1950களில் உருவாக்கினார். 1989இல் நோபல் பரிசு பெற்றார்.

1959இல் வூர்க்கர், ஷெல்டன், லாங்முயிர் ஆகிய மூவர் இப்பொறியில் நுண்ணிய அலுமினியத் துகள்களை மிதக்கவிட்டு, அவை நெளிந்தாடும் தடங்களைப் படம்பிடித்தனர். சிறிதளவு வாயு ஆட்டத்தைத் தணித்ததும் துகள்கள் தாமாகவே கோலப்புள்ளிகளைப் போல ஒழுங்காக அணிவகுத்தன. பொறியின் நிலையை மாற்றினால் அவ்வணி உருகிக் கலைந்தது, மீண்டும் உறைந்தது. இத்துறையின் படங்களில் இவற்றுக்கு ஈடானவை குறைவு.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் முயற்சிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நடந்தன.

2001இல் ஷ்லெம்மர், கெர்லிக் குழுவினர் கெம்னிட்ஸில் சுமார் 500 நானோமீட்டர் சிலிக்காத் துகளின் நிறையை, அதைச் சிதைக்காமல் துல்லியமாக அளந்தனர். லேசர் ஒளியைத் துகள் சிதறடிப்பதைக் கொண்டு, பொறியில் அது ஊசலாடும் அலைவெண் அறியப்படுகிறது. அது நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே தரும். ஒரு எலக்ட்ரான் கூடினாலும் குறைந்தாலும் அலைவெண் சட்டென்று தாவும். அத்தாவல்களின் அளவிலிருந்து மின்னூட்டம் எத்தனை என்று தெரிந்துவிட, நிறையும் கிடைக்கிறது. 100 நானோமீட்டர் சிலிக்காக் கோளம் ஏறத்தாழ 60 கோடி டால்டன் (அணு நிறை அலகு) நிறை கொண்டது. அதன்மீது ஒற்றை அடுக்காக நைட்ரஜன் படிந்தால் கூடும் நிறை ஒரு சதவீதத்தை ஒட்டியதே.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஆண்டர்சன் குழு கார்பன் துகள்களை லேசரால் தகிக்கவைத்து, அவை ஆவியாகும் வேகத்தையும் ஆக்சிஜனில் எரியும் வேகத்தையும் அளந்தது. ஒரே மாதிரியிலிருந்து எடுத்த துகள்களும் வெவ்வேறு வேகத்தில் தேய்ந்தன. கோடிக்கணக்கான துகள்களின் சராசரி இந்த வேறுபாட்டை மறைத்துவிடும். லைப்சிக்கில் கினுட் அஸ்மிஸ் குழு, துகள் ஒளியை உட்கொள்ளும்போது பரப்பிலிருந்து வாயு நீங்குவதால் ஏற்படும் நிறை இழப்பையே நிறமாலையாகப் பதிவுசெய்கிறது.

இந்தியாவில் இதற்கு அருகில் நிற்பவை சென்னை ஐஐடியில் தலாப்பில் பிரதீப் குழுவின் ஆய்வுகள். மூலக்கூறுகள் போர்த்திய தங்க, வெள்ளிக் கொத்தணுக்களை இக்குழு நிறை நிறமாலைமானியில் ஆராய்கிறது. அங்கு அளக்கப்படுவது தனித்துகள் அன்று, திரள். மின்னூட்டம் பெற்ற நீர்நுண்துளிகளில் குவார்ட்ஸ் போன்ற கனிமத்துகள்கள் மில்லிநொடிகளில் நானோத்துகள்களாக உடைகின்றன என்று 2024இல் இக்குழு ‘சயன்ஸ்’ இதழில் அறிவித்தது.