கோமாளி (காமன் கூத்து)

கோமாளி என்பது, மன்மதனைச் சிவன் எரித்த கதையை மாசி மாதத்தில் நிகழ்த்தும் காமன் கூத்தில், களத்தில் தனியே நின்று பார்வையாளரோடு நேரடியாகப் பேசிச் சிரிக்கவைக்கும் பாத்திரமாகும். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரோடு இலங்கை வந்த இக்கூத்து, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோர் உள்ளிட்ட மலையகத் தமிழரின் கலைமரபைச் சேர்ந்தது.

தெருக்கூத்தின் கட்டியக்காரனுக்கும் வடமொழி நாடகத்தின் விதூஷகனுக்கும் உறவான இப்பாத்திரத்துக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. தப்பு எனப்படும் தோற்கருவி ஓய்ந்த இடைவெளியில், எதிரே அமர்ந்திருப்போரை உறவுமுறை சொல்லி அழைத்து, அவர்கள் தரும் மறுமொழியையே அடுத்த பேச்சுக்குப் பொருளாக்கி, சக கூத்தரின் ஆட்டத்தையும் ஒப்பனையையும் கேலிசெய்து, கலை உருவாகும் விதத்தையே அவன் காட்சியாக்குகிறான். பகலில் தோட்டத்தில் உழைத்துவிட்டு இரவில் ஆடுவோரின் கலை இது என்பதால் அக்கேலிக்குத் தனிக் கனம் உண்டு. மன்மதனை இழந்த மனைவி ரதியின் புலம்பல் நெஞ்சைத் தைப்பதற்கும் முன்னெழுந்த இச்சிரிப்பே பெரிதும் துணைசெய்கிறது.

ஏட்டில் இல்லாத இப்பேச்சுக்கலையை, மூத்த கூத்தர் இருக்கும்போதே ஒலி, ஒளி வடிவில் பதிவுசெய்வது ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.